ஊடல்னா ஓகே... கோபம்னா? தமிழ்க் கதைகளில் பெண்கள் சாத்திய கதவுகள்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். தெரியும் என்று எழுதிவிட்டேன், தெரிந்தது என்று எழுத வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னாடி பக்கத்து மனையில் மாடி ஏறியது, மலை போனது. இப்போது ஜன்னலைத் திறந்தால் சிமென்ட் சுவரும் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டும்தான். ``மொட்டை மாடிக்குப் போனா தெரியப்போகுது, இதுக்கு எதுக்கு இவ்ளோ வருத்தம்?'' என்றார் அப்பா. அப்பா மொட்டை மாடிக்குப் போவார். அம்மா துணி காயப்போட மட்டும் போவாள்.

இந்தச் சின்ன விஷயத்தை இவ்வளவு நேரம் யோசிக்க வைத்தது ஒரு சிறுகதை. அது எந்தக் கதை என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு திருவிழா.

கதவைச் சாத்திய அம்மன்

திருவண்ணாமலைக்காரங்களுக்குத் திருவூடல் தெரு தெரியும். வெளியூர்க்காரங்களுக்கு அது பஸ்ஸில் காதில் விழும் ஒரு தெருப் பெயர், அவ்வளவுதான். தை மாதம் இரண்டாம் நாள், அதாவது மாட்டுப் பொங்கலன்று, அந்தத் தெருவில் சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை நடக்கும். நிஜமாகவே ஒரு தெருவுக்கு `கணவன் மனைவி சண்டை' என்று பேர் வைத்திருக்கும் ஊர் எங்கள் ஊர்!

கதை இதுதான். பிருங்கி முனிவர் சிவனை மட்டும்தான் கும்பிடுவார், பக்கத்தில் இருக்கும் அம்மனைக் கண்டுகொள்ள மாட்டார். அப்படிப்பட்டவருக்கு அண்ணாமலையார் அருள் கொடுக்கப் போகிறார். உண்ணாமுலை அம்மனுக்குக் கோபம். `என்னை மதிக்காதவனுக்கு நீங்க எப்படிப் போய்...' என்ற கோபம்தான், வேறென்ன. அம்மன் கோயிலுக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாமி அன்று ராத்திரி குமரக்கோயிலில் தனியாகத் தங்குவார். மறுநாள் தனியாகவே கிரிவலம் வருவார். அப்புறம் சமாதானம், மறுவூடல், எல்லோரும் வீட்டுக்கு.

சின்ன வயசில் பாட்டி தோளில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது ஜாலியாக இருக்கும். கல்லூரிக்குப் போன பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. அம்மன் கதவைத் திறக்கவே இல்லைன்னா?

பாட்டியிடம் கேட்டேன். ``அதெப்படி திறக்காம இருப்பா?'' என்றாள். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. அந்தத் திருவிழாவின் விதியே அதுதான். கதவு சாத்தலாம், ஆனால் மறுநாள் திறந்தாக வேண்டும்.

சங்க இலக்கியத்தின் மருதத் திணையிலும் இதே விதிதான். தலைவன் பரத்தையிடம் போய்விட்டு வருவான். தலைவி வாயில் மறுப்பாள். பாணனோ தோழியோ தூது வருவார்கள். கடைசியில் கதவு திறக்கும். திருக்குறளின் கடைசி அதிகாரத்துக்கே ஊடலுவகை என்றுதான் பேர், ஊடலில் இருக்கும் சந்தோஷம். அழகான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு இந்தச் சமூகம் கொடுத்த கோபத்தின் அளவு அது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், பேசாமல் இருக்கலாம், ஒரு ராத்திரி கதவைச் சாத்தலாம். கோபம் அதைத் தாண்டினால் அதற்கு ஊடல் என்று பெயர் கிடையாது. `திமிர்', `அடங்காதவ', `குடும்பத்துக்கு ஆகாதவ' என்று வேறு வார்த்தைகள் வந்துவிடும்.

நவீன தமிழ்க் கதைகளில் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்று பார்க்க, எனக்கு இந்தக் கதவுதான் சுலபமான அடையாளமாகத் தெரிகிறது. யார் சாத்துகிறார்கள், யார் திறக்கிறார்கள், எந்தப் பக்கத்திலிருந்து?

1879-ல் இரண்டு பெண்கள்

1879-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. நார்வேக்காரரான ஹென்ரிக் இப்சனின் `பொம்மை வீடு' நாடகம் வந்தது. அதன் கடைசியில் நோரா என்ற மனைவி கணவனையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்துகிறாள். ஐரோப்பாவே அதிர்ந்துபோனது. ஜெர்மனியில் நடித்த நடிகை `நான் என் குழந்தைகளை விட்டுப் போக மாட்டேன்' என்று அடம்பிடித்ததால், அங்கே முடிவையே மாற்றி எழுத வேண்டிவந்தது.

அதே 1879-ல்தான் தமிழின் முதல் நாவலான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் `பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது. பேர் என்னவோ பிரதாப முதலியாருடையது. ஆனால் படித்தவர்கள் ஞாபகம் வைத்திருப்பது அவர் மனைவி ஞானாம்பாளை. அவள் ஆண் வேடம் போட்டு ஒரு ராஜ்யத்துக்கே ராஜாவாகி, புருஷனைவிட ஆயிரம் மடங்கு ஒழுங்காக ஆட்சி செய்கிறாள். பெண் கல்விக்காகத் தனியாகப் புத்தகம் எழுதியவர் வேதநாயகம் பிள்ளை, அதனால் ஆச்சர்யமில்லை.

ஆனால் ஞானாம்பாள் ஆள வேண்டுமென்றால் ஆண் வேடம் போட வேண்டியிருக்கிறது. புடவையோடு அந்தச் சிம்மாசனத்தில் உட்காரவைக்க அந்தக் காலத்தின் கற்பனைக்கே இடமில்லை. வேலை முடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு மனைவியாகத் திரும்பிவிடுகிறாள். இன்றைக்கும் ஆபீஸில் டீம் லீடாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ``காபி போடுறியா?'' என்று கேட்கப்படும் அக்காக்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு அ.மாதவையா வந்தார். 1903-ல் வந்த `முத்துமீனாட்சி'யில், சின்ன வயசிலேயே விதவையான ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள், மறுமணமும் செய்துகொள்கிறாள். எழுதியவர் ஆண். ஆனால் `நான்' என்று பேசுவது பெண்.

அச்சில் பெண்கள் `நான்' என்று எழுதியபோது

வை.மு.கோதைநாயகி அம்மாளின் வாழ்க்கையே ஒரு நாவல். குழந்தைத் திருமணம், பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. 1924-ல் முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதிக்கொடுத்தார். அடுத்த வருஷமே `ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கி, கடைசியில் 115 நாவல்கள் எழுதி முடித்தார். அவர் நாவல்கள் இன்றைக்குப் படிக்க மெகா சீரியல் மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனால் பெண்கள் நாவல் படித்தாலே கெட்டுப்போவார்கள் என்று பேசிய காலத்தில், ஒரு பெண் பத்திரிகை ஆசிரியராக உட்கார்ந்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரை நீங்கள் வேறு இடத்தில் பார்த்திருப்பீர்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, `புதுமைப் பெண்' திட்டம், 2022-ல் தொடங்கியது, அதன் முழுப் பெயரில் இருப்பவர் இவர்தான். முதலில் அவர் பேரில் இருந்தது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம். அதுதான் படிப்புக்கான திட்டமாக மாறியது. கல்யாணத்துக்குக் கொடுத்த காசைப் படிப்புக்கு மாற்றியதை அவர் இருந்திருந்தால் ரசித்திருப்பார் என்று நினைக்கிறேன். தேவதாசி முறைக்குள்ளேயே வளர்ந்து, அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். 1936-ல் அவர் எழுதிய நாவல் `தாசிகள் மோசவலை'. தேவதாசி முறையைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-ல். சட்டம் வருவதற்கு 11 வருஷம் முன்னாடியே கதை வந்துவிட்டது.

அகலிகை ஏன் திரும்பக் கல்லானாள்?

எங்கள் ஊருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பார்வதி சிவனின் கண்ணை விளையாட்டாகப் பொத்தி, அதற்குப் பிராயச்சித்தமாகத் தவம் செய்ய இந்த மலைக்கு வந்தபோது, பவழக்குன்றில் ஆசிரமம் போட்டிருந்த கௌதம முனிவர்தான் வழி சொன்னார் என்பது தல புராணம். அந்தத் தவத்தின் பலனாகத்தான் அம்மனுக்குச் சிவனின் இடப்பாகம் கிடைத்தது. கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவார். சில நிமிஷம்தான். அவர் வந்ததும் மலையில் தீபம் ஏறும், அவர் உள்ளே போய்விடுவார். ஆணும் பெண்ணும் சரிபாதி என்கிற சாமியை வருஷத்துக்குச் சில நிமிஷம் பார்க்கிறோம். (கூட்டத்தில் என் உயரத்துக்கு அதுவும் தெரியாது.)

அந்தக் கௌதமரின் மனைவிதான் அகலிகை. இந்திரன் ஏமாற்றினான், கௌதமர் சபித்தார், கல்லானாள், ராமன் கால் பட்டுப் பெண்ணானாள். எல்லோருக்கும் தெரிந்த கதை இத்தோடு முடிகிறது. புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய `சாபவிமோசனம்' அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

சாபம் போய்விட்டது, சரி. அக்கம்பக்கத்தார் பார்வை போகுமா? அகலிகை ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் மற்ற பெண்கள் விலகிப்போகிறார்கள். கௌதமருக்குக் குற்றவுணர்ச்சி, அவளுக்குச் சந்தேகம், யார் சாதாரணமாகப் பேசினாலும் உள்ளர்த்தம் இருக்குமோ என்ற பயம். இன்றைக்கு நாம் ட்ராமா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவதை, புதுமைப்பித்தன் அப்போதே பக்கம் பக்கமாகக் காட்டியிருக்கிறார். அகலிகைக்கு ஆறுதலாக இருப்பது ஒரே ஒரு நம்பிக்கை. ராமன் நியாயமானவன், தன்னைத் தப்பாக நினைக்காதவன்.

பிறகு சீதை அவளைப் பார்க்க வருகிறாள். பேச்சோடு பேச்சாக, தான் தீக்குளிக்க வேண்டியிருந்ததைச் சொல்கிறாள். அகலிகைக்குப் புரியவே இல்லை. தன்னை மன்னித்த அதே ராமனா தன் மனைவியிடம் இதைக் கேட்டான்? அவள் திரும்பக் கல்லாகிவிடுகிறாள்.

இந்த முறை யாரும் சபிக்கவில்லை. அவளே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள், மறுநாள் திறக்காத கதவு அது. பாட்டிக்குப் புரியாமல்போன என் கேள்விக்கு, 80 வருஷத்துக்கு முன்னாடியே ஒருவர் பதில் எழுதி வைத்திருந்தார்.

ஒரு சொம்புத் தண்ணீர்

1966-ல் ஜெயகாந்தன் `ஆனந்த விகட'னில் ஒரு சிறுகதை எழுதினார். `அக்கினிப் பிரவேசம்'. மழை நாள், பஸ் ஸ்டாப், கல்லூரிப் பெண், ஒரு பெரிய கார், அதில் ஒரு பணக்கார இளைஞன். அவள் காரில் ஏறுகிறாள், அவன் அவளிடம் தப்பாக நடந்துகொள்கிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள்.

அம்மா முதலில் பதறுகிறாள், அடிக்கிறாள். அப்புறம் மகளை உள்ளே அழைத்துப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். நீ சுத்தமாயிட்டே, யாரிடமும் சொல்லாதே, படிப்பைப் பார் என்று முடித்துவிடுகிறாள். கதை அவ்வளவுதான். தமிழ்நாடு கொதித்தது. கெட்டுப்போன பெண்ணை ஒரு தாய் எப்படிச் சுலபமாக ஏற்றுக்கொள்ளலாம் என்று கடிதங்கள் குவிந்தன. கெட்டது அந்தப் பையன் அல்லவா என்று கேட்டவர்கள் குறைவு.

இன்றைக்குப் படிக்கும்போது நமக்கும் அந்தக் கதையில் சில சங்கடங்கள் உண்டு. `சுத்தமாயிட்டே' என்றால் அதற்கு முன் அழுக்காக இருந்தாளா? யாரிடமும் சொல்லாதே என்பது யாரைக் காப்பாற்றுகிறது? நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த அம்மாவின் கையில் அன்று ராத்திரி இருந்தது ஒரு சொம்பும் ஒரு வாளித் தண்ணீரும் மட்டும்தான். போக்சோ இல்லை, 181 இல்லை, மகளை நம்பும் ஊர் இல்லை. இருந்ததை வைத்து மகளின் படிப்பைக் காப்பாற்றினாள்.

ஜெயகாந்தன் அத்தோடு விடவில்லை. சரி, உங்கள் இஷ்டப்படியே அந்த அம்மா ஊரைக் கூட்டிக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து ஒரு நாவலே எழுதினார். `சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதே பெண், இப்போது கங்கா. அம்மா கத்துகிறாள், தெருவுக்கே தெரிகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஆதரவு கொடுக்கிற மாமாவே அவளைத் தொந்தரவு செய்கிறார். கங்கா நன்றாகப் படிக்கிறாள், பெரிய வேலைக்குப் போகிறாள், ஆனால் வாழ்க்கை அந்த ராத்திரியிலேயே நின்றுபோகிறது. நாவலுக்கு 1972-க்கான சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. 1977-ல் படமானபோது கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். சம்பவம் ஒன்றுதான், பையனும் காரும் மழையும் அதேதான். அம்மா சொன்ன முதல் வாக்கியம் மட்டும் வேறு. ஒரு பெண்ணின் பத்து, பதினைந்து வருஷம் அந்த வாக்கியத்தில் தொங்குகிறது. என் தோழி ஒருத்தியின் போட்டோவை ஒருவன் மார்ஃப் செய்து அனுப்பியபோது, அவள் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, ``நீ ஏன் இன்ஸ்டால போட்டோ போட்ட?'' அவள் அதற்கப்புறம் வீட்டில் எதையும் சொல்வதே இல்லை. 1966-க்கும் நமக்கும் நடுவில் செல்போன் வந்திருக்கிறது. முதல் கேள்வி மாறவில்லை.

சமையலறையும் மலையும்

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கதை. அம்பையின் `வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. இதே பேரில் தொகுப்பாக 1988-ல் வந்தது.

ராஜஸ்தானில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம், அறை மேல் அறையாக நீண்டுகொண்டே போகும் வீடு. சமையலறை மட்டும் மூலையில், மங்கலான பல்பு வெளிச்சத்தில். தெற்கிலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மீனாட்சிக்கு அதன் ஜன்னல் வழியாக மலை தெரிகிறது. சமையலறைப் பக்கத்தைக் கொஞ்சம் பெரிசாக்கினால், பாத்திரம் கழுவ வசதி செய்தால் நன்றாயிருக்குமே என்று மாமனாரிடம் சொல்கிறாள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் திட்டவில்லை. துணி காயவைக்கக் குறுக்கே ஒரு கொடி கட்டப்படுகிறது. ஈரத்துணிகள் மலையை மறைக்கின்றன.

முதல்முறை படித்தபோது போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் எங்கள் சமையலறையில் நின்றேன். ஆணாதிக்கம் என்ற வார்த்தையைக் கேட்டால் நமக்குக் கண்முன் வருவது அடிக்கிற புருஷன், பட்டாக்கத்தி மீசை. அம்பை காட்டுவது வேறு. யாரும் குரலை உயர்த்தாமலேயே, `வசதிக்காக' ஒரு கயிறு கட்டிவிட்டுப் போவது. கேட்டால் ``துணி காயவேணாமா?'' என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் துணி காயத்தானே வேண்டும்!

அந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கு. அந்த மங்கலான சமையலறைக்குள் ஒரு பெரிய அதிகாரப் போட்டி நடக்கிறது. யார் கையில் சாவி, யார் முடிவு செய்வது இன்றைக்கு என்ன சமையல், யார் யாருக்குப் பரிமாறுவது. அதை வைத்துத்தான் மாமியார் மருமகளை ஆள்கிறாள். `பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி' என்று ஒரு டயலாக் எல்லா குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றும் இல்லையா? அது எங்கிருந்து வருகிறது என்பது அம்பையைப் படித்தால் புரியும். மொத்த வீட்டில் ஒரே ஒரு அறையின் அதிகாரத்தை மட்டும் எல்லாப் பெண்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால், அந்த ஓர் அறைக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். மீதி அறைகள் யாருடையவை என்று கேட்க நேரமிருக்காது.

2021-ல் மலையாளத்தில் `தி கிரேட் இந்தியன் கிச்சன்' வந்தபோது நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டோம். சிங்க் ஒழுகும் காட்சி யாருக்கும் மறக்காது. அந்தப் படத்தின் கதாநாயகி கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்துவிடுகிறாள், நோரா மாதிரி. எனக்கென்னவோ அம்பையின் மீனாட்சி இன்னும் கொஞ்சம் நெருக்கம். நம்மில் பெரும்பாலானவர்கள் வெளியேறப் போவதில்லை. அந்த வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு கொடியை என்ன செய்வது என்றுதான் யோசிக்கப்போகிறோம்.

எல்லா வீடும் ஒரே வீடா?

இதுவரை படித்துவிட்டு, ``எங்க ஆயாவுக்குச் சமையலறையில நிக்கவே நேரம் கிடையாது, விடிஞ்சா களையெடுக்கப் போயிடும்'' என்று உங்களில் சிலர் நினைத்திருந்தால், நீங்கள் நினைத்தது சரி. வீட்டுக்குள் பூட்டிவைக்கப்பட்ட பெண் என்பது எல்லாச் சாதிக்கும் பொதுவான அனுபவம் இல்லை. காட்டிலும் மேட்டிலும் உழைத்த பெண்களுக்கு வாசல்படி தாண்டுவது பிரச்னை இல்லை. தாண்டிய பிறகு வெளியே யார் நின்றார்கள் என்பதுதான் பிரச்னை.

தமிழ் நாவல் இதைச் சொல்ல ரொம்ப தாமதமானது. ப.சிவகாமியின் `பழையன கழிதலும்' 1989-ல் வந்தது. தங்கம் என்ற தலித் விதவை, நிலக்காரரால் பயன்படுத்தப்பட்டு, அவர் வீட்டு ஆட்களால் அடிக்கப்பட்டு, காத்தமுத்து என்ற தலைவரிடம் வந்து நிற்கிறாள். காத்தமுத்து புகார் மனு எழுதுகிறார். நடந்ததை அப்படியே எழுதினால் வழக்கு நிற்காது, இவள்மேலேயே திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டு, சாதியைச் சொல்லித் தாக்கினார்கள் என்ற மாதிரி மாற்றி எழுதுகிறார். வழக்கு நகர்கிறது. ஆனால் தங்கத்துக்கு நடந்தது என்னவோ அது அந்த மனுவில் இல்லை. பிறகு அதே காத்தமுத்து தங்கத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதும் நடக்கிறது. ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர் எழுதிய நாவல் இது. மனு என்றால் என்ன, அதில் எது ஏறும், எது ஏறாது என்று தெரிந்தவரின் எழுத்து.

எங்கள் ஊரில் இந்த நாவலைப் படித்தால் கொஞ்சம் கூடுதலாக உறைக்கும். திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலில்தான் இருக்கு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்குவார்கள், கையில் மஞ்சப்பை, பைக்குள் ஜெராக்ஸ் கட்டு. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்கிற ஆட்கள் உண்டு. ஒருமுறை காத்திருந்தபோது பக்கத்தில் ஓர் அம்மா, நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு, ``அதெல்லாம் வேணாம்மா, உனக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லு'' என்றார். அவர் மேல் தப்பில்லை, அடுத்து பத்து பேர் நிற்கிறார்கள். ஆனால் அந்த அம்மா விலாவாரியாகச் சொன்னாரே, அதற்கு ஓர் இடம் வேண்டாமா? நாவல் என்பது அந்த இடம்தான் என்று அன்று தோன்றியது.

நம் பக்கத்து மண்ணிலிருந்தே இன்னும் சிலர். விருத்தாசலம் பக்கத்துக் கண்மணி குணசேகரனின் `அஞ்சலை', பெண் பார்க்கும்போது ஒருவனைக் காட்டிவிட்டு இன்னொருவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணின் கதை. இமையத்தின் `கோவேறு கழுதைகள்' ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் கதை. ஊர்த்துணியெல்லாம் வெளுக்கிற அவளுக்கு ஊரில் மரியாதை கிடையாது. பாமாவின் `கருக்கு' 1992-ல் வந்தபோது, நாங்கள் வீட்டில் பேசுகிற மொழியிலேயே புத்தகம் எழுதலாமா என்று பலருக்கு முதல்முறையாகத் தோன்றியது. சல்மாவின் `இரண்டாம் ஜாமங்களின் கதை', வயசுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்தப்படுகிற முஸ்லிம் பெண்களின் உலகம். சல்மாவே அப்படி நிறுத்தப்பட்டவர், குடும்பத்துக்குத் தெரியாமல் புனைபெயரில் எழுதியவர்.

பெருமாள்முருகனின் `மாதொருபாகன்' பற்றி உங்களுக்குச் சர்ச்சையாகத்தான் தெரிந்திருக்கும். 2015 ஜனவரியில் `எழுத்தாளன் செத்துவிட்டான்' என்ற பொருளில் அவர் அறிவித்தது, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது எல்லாம் செய்தி. அந்தச் சத்தத்தில் பொன்னா காணாமல்போய்விட்டாள். குழந்தை இல்லை என்பதற்காக விதைக்கிற இடத்தில் நிற்காதே, சடங்கில் முன்னாடி வராதே என்று ஊர் அவளை ஒவ்வொரு அடியாகத் தள்ளிவிடுவதுதான் அந்த நாவல். மாதொருபாகன் என்றால் பெண்ணைப் பாதியாகக் கொண்டவன். அவனைக் கும்பிடுகிற ஊரில்தான் பொன்னாவுக்கு இது நடக்கிறது.

எங்கள் ஊர்ப் பங்கையும் சொல்லிவிடுகிறேன். வம்சி பதிப்பகம் திருவண்ணாமலையில்தான் இருக்கு. மலையாளத்திலிருந்து தொடர்ந்து மொழிபெயர்க்கிற கே.வி.ஜெயஸ்ரீ, கே.வி.ஷைலஜா சகோதரிகள் இங்கேதான் இருக்கிறார்கள். மனோஜ் குரூரின் `நிலம் பூத்து மலர்ந்த நாள்' நாவலை மொழிபெயர்த்ததற்கு ஜெயஸ்ரீக்கு 2019-க்கான சாகித்ய அகாடமி மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. சங்ககாலப் பாணர் குடும்பத்தின் கதை அது. சங்கப் பாட்டில் தலைவனுக்காகத் தலைவியிடம் தூது வரும் பாணனின் வீட்டிலும் பெண்கள் இருந்திருப்பார்கள் இல்லையா? அந்த நாவலில் ஒரு பகுதியைச் சித்திரை என்ற பெண்தான் சொல்கிறாள்.

அம்மா கேட்ட கேள்வி

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், என் ஓட்டு `அக்கினிப் பிரவேசம்', `சாபவிமோசனம்' இரண்டுக்கும். இரண்டும் சிறுகதைகள், ஒரு டவுன் பஸ் பயணத்தில் முடிந்துவிடும். நாவல் என்றால் `பழையன கழிதலும்'. `இதெல்லாம் ஒரே சோகமா இருக்குமே' என்று பயப்பட வேண்டாம். அம்பையிடம் நல்ல கிண்டல் உண்டு, புதுமைப்பித்தனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அம்பையின் கதையைப் பாதிவரை சொன்னேன், கொடி கட்டுகிற இடம்வரை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பூண்டைக் கழுவி வைத்துவிட்டு, சுவர் தெரியும் ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

``அந்தக் கொடிய அவுத்தாளா இல்லியா?'' என்றாள்.

``இன்னும் கதை இருக்கும்மா. நீயே படி'' என்று புத்தகத்தை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ``மேல வெளிச்சமா இருக்கும்'' என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள். அப்பா கீழேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார், காபிக்கு.

நான்தான் போட்டேன் அன்றைக்கு.